தனியார் சிறுகோள் பயணத்தில் கட்டணம் கட்டி ஆய்வுக் கருவி அனுப்பலாமா?

கேள்வி இது: ஒரு தனியார் நிறுவனம் சிறுகோள் ஒன்றுக்கு விண்கலம் அனுப்பத் திட்டமிடுகிறது. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் கட்டணம் கட்டித் தங்கள் கருவிகளை அதில் ஏற்றி அனுப்பலாம் என்கிறது. இது நடக்கிற காரியமா, நம்பிப் பணம் கட்டலாமா?

சிறிய செயற்கைக்கோள்களில் பிறருடைய கருவிகளைப் பொருத்திச் சோதிப்பது என் வேலை. ஆகவே முதலீட்டாளர் கண்ணோடு இதைப் பார்க்க எனக்கு வராது. கருவியைச் செய்து கொண்டுவந்து ஒப்படைப்பவரின் கவலைதான் எனக்கும். நடக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் ஒப்பந்தத்தில் கிலோவுக்கு என்ன விலை என்று பார்ப்பதற்கு முன், பயணத்தின் நடுவில் முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

யோசனை பழையதுதான். 1997-ல் ஜிம் பென்சன் என்ற அமெரிக்கர் ஸ்பேஸ்டெவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நீரியஸ் என்ற சிறுகோளுக்கு ‘நீப்’ என்ற விண்கலத்தை அனுப்புவது, அதில் கருவிகளுக்கு இடம் விற்பது, வரும் தரவையும் விற்பது என்பது அவர் திட்டம். நீப் கிளம்பவே இல்லை. ஸ்பேஸ்டெவ் திறமையில்லாத நிறுவனம் என்று யாரும் சொல்ல முடியாது. 2003-ல் விண்ணுக்குப் போன சிப்சாட் என்ற ஆய்வுச் செயற்கைக்கோளை அவர்கள்தான் கட்டினார்கள். 2004-ல் விண்வெளி எல்லையைத் தொட்ட ஸ்பேஸ்ஷிப்ஒன் விமானத்தின் ராக்கெட் மோட்டாரிலும் அவர்கள் பங்கு உண்டு. இத்தனை தெரிந்தவர்களுக்கும் சிறுகோள் பயணத்துக்குப் போதுமான வாடிக்கையாளர்கள் சேரவில்லை.

காரணம் எளிது. விஞ்ஞானியிடம் சொந்தப் பணம் கிடையாது. அவர் ஒரு அரசு நிறுவனத்திடம் விண்ணப்பித்து, மதிப்பீடு முடிந்து, பணம் கைக்கு வரவே வருடங்கள் ஆகும். விண்கலம் உறுதியானால்தான் அவர்கள் பணம் தருவார்கள். வாடிக்கையாளர் உறுதியானால்தான் முதலீட்டாளர் விண்கலத்துக்குப் பணம் தருவார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, ஏவ வேண்டிய காலம் கடந்துவிடும்.

அடுத்த அலையில் வந்த பிளானட்டரி ரிசோர்சஸ், டீப் ஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் இரண்டும் சிறுகோளில் சுரங்கம் வெட்டுவதைப் பற்றித்தான் அதிகம் பேசின. முன்னது 2018-லும் பின்னது 2019-லும் வேறு நிறுவனங்களின் கைக்குப் போயின. என்னைக் கேட்டால், கருவிக்கு இடம் விற்பது சுரங்கக் கனவைவிட நேர்மையான தொழில். ஜப்பானின் ஹயபுசா2 விண்கலம் ரியூகு என்ற சிறுகோளிலிருந்து கொண்டுவந்த மண் சுமார் 5.4 கிராம்; நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் பென்னு என்ற சிறுகோளிலிருந்து கொண்டுவந்தது 121.6 கிராம். மனித குலம் இன்னும் கிராம் கணக்கில்தான் இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்று அளந்து சொல்வதற்குத்தான் இன்றைக்கு மதிப்பு.

சரி, உரிமை விஷயத்துக்கு வருகிறேன்.

நாசாவின் நியர் விண்கலம் 1998 டிசம்பரில் ஈராஸ் சிறுகோளை நெருங்கியபோது, வேகத்தைச் சரிசெய்ய வேண்டிய முக்கியமான எஞ்சின் இயக்கம் பாதியில் நின்றுபோனது. சுற்றுப்பாதையில் நுழைய முடியாமல் ஈராஸைக் கடந்து போய்விட்டது. ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்து, 2000 பிப்ரவரி 14-ல் மறுபடி வந்து சுற்றுப்பாதையில் சேர்ந்தது. ஒரு வருடம் கழித்து அதை மெதுவாக ஈராஸின் தரையிலேயே இறக்கினார்கள். அதற்காகக் கட்டப்பட்ட கலமே இல்லை அது, ஆனாலும் பிழைத்தது. உடனே பயணத்தைக் கூடுதலாகச் சுமார் இரண்டு வாரம் நீட்டினார்கள். தரையில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அளக்கும் கருவி காமா கதிர் நிறமாலைமானி. தரையை ஒட்டிக் கிடந்த அதற்குச் சுற்றுப்பாதையில் கிடைத்ததைவிட நல்ல தரவு அந்த நாட்களில்தான் கிடைத்தது.

இதே நிலை தனியார் கலத்துக்கு வந்தால்? அந்தக் கூடுதல் வருடத்துக்குக் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களின் சம்பளத்தையும் தரை ஆன்டெனாவின் வாடகையையும் யார் கட்டுவது? நிறுவனத்தின் முக்கிய வாடிக்கையாளருக்குப் படம் கிடைத்துவிட்டது, உங்கள் கருவிக்கு இன்னும் பத்து நாள் வேண்டும் என்றால் கலத்தை நிறுத்திவிடுவார்களா, ஓட்டுவார்களா? ஒப்பந்தத்தில் இதற்குப் பதில் இல்லையென்றால், நீங்கள் வாங்கியிருப்பது கருவியைத் திருகி மாட்டும் இடம் மட்டும்தான்.

கருவிகளுக்குள்ளேயே சண்டை வரும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. கேமராவுக்குச் சூரிய ஒளி சாய்ந்து விழும் பக்கம் வேண்டும். வெப்ப அகச்சிவப்புக் கருவிக்கு இரவுப் பக்கமும் வேண்டும். காந்தப்புலமானிக்குக் கலத்தை விட்டு நீண்டு நிற்கும் ஒரு கை வேண்டும், பக்கத்தில் இருக்கும் மின்சுற்றுகளும் அமைதியாக இருக்க வேண்டும். காமா கதிர்க் கருவிக்கு மிக நெருக்கமாக, வாரக்கணக்கில் இருந்தால்தான் வேலை ஆகும். இதில் எதை முதலில் கவனிப்பது என்பதற்கு அரசுப் பயணங்களில் விஞ்ஞானிகள் குழு ஒன்று உட்கார்ந்து அடித்துப் பேசி முடிவெடுக்கும். தனியார் பயணத்திலும் அப்படி ஒரு குழு வேண்டும், அதில் உங்களுக்கும் ஒரு ஓட்டு வேண்டும்.

சும்மா கடந்து போகும் பயணமா, கூடவே நிற்கும் பயணமா என்றும் கேளுங்கள். விநாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால், 1,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மிக நெருங்கிய புள்ளிக்கு வர 100 விநாடிதான். படம் எடுக்க இது போதும். தனிமங்களை அளக்கப் போதாது.

அப்புறம் தேதியும் இலக்கும். ஜப்பானின் முதல் ஹயபுசா விண்கலம் முதலில் போக வேண்டியதும் இதே நீரியஸுக்குத்தான். பிறகு இலக்கு வேறொரு சிறுகோளுக்கு மாறியது. 2000-ல் ஜப்பானின் எம்-வி ராக்கெட் தோற்று ஏவுதல் தள்ளிப்போனதால் அதுவும் கைவிட்டுப் போய், கடைசியில் இட்டோகாவா என்ற சிறுகோளுக்குப் போனது. ஜேனஸ் கதை இன்னும் வேதனையானது. இரட்டைச் சிறுகோள்களைப் பார்ப்பதற்காக நாசா இரண்டு சிறு கலங்களைக் கட்டிவைத்திருந்தது. அவை சைக்கி என்ற நாசாவின் வேறொரு விண்கலத்தோடு ஒரே ராக்கெட்டில் போக வேண்டும். 2022-ல் சைக்கி தாமதமானது, புதிய தேதியில் ஜேனஸின் இலக்குகளை எட்ட முடியாமல் போனது, இரண்டு கலங்களையும் கிடங்கில் வைத்துவிட்டார்கள். அடுத்தவர் ராக்கெட்டில் ஏறுவது மலிவு. அடுத்தவர் நாட்காட்டிக்குக் கட்டுப்படுவதுதான் அதற்கான விலை.

இப்போதைய நிலை: ஆஸ்ட்ரோஃபோர்ஜ் நிறுவனம் 2025 பிப்ரவரி 26-ல் ஓடின் என்ற சிறு கலத்தை ஒரு நிலவுத் தரையிறங்கியோடு சேர்த்து அனுப்பியது. 2022 ஓபி5 என்ற சிறுகோளைக் கடந்து போய், அது உலோகமா என்று பார்ப்பது நோக்கம். ஏவிய சிறிது நேரத்திலேயே தொடர்பில் சிக்கல் வந்து கலம் கைவிட்டுப் போனது. இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, முயன்றவர்களை மதிக்கிறேன். ஆனால் அப்படி ஒரு கலத்தில் உங்கள் கருவியும் இருந்திருந்தால், காப்பீடு கட்டணத்தைத் திருப்பித் தரலாம். அதையே நம்பி ஆய்வுப் பட்டத்துக்கு உழைத்த மாணவரின் வருடங்களை யார் தருவது? அதனால் ஒரு நிறுவனத்தின் முதல் பயணத்தில் ஒரே பிரதியாக இருக்கும் கருவியை அனுப்பாதீர்கள். இரண்டு செய்யுங்கள், ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நிலவுக்கு இந்தத் தொழில் நடக்கத் தொடங்கிவிட்டது. 2018 முதல் நாசா, தன் கருவிகளை நிலவில் கொண்டுபோய் இறக்கத் தனியார் நிறுவனங்களுக்குக் கட்டணம் கொடுக்கிறது. அப்படிப் போன தனியார் தரையிறங்கிகளில் 2024 ஜனவரியில் பெரெக்ரின் தோற்றது; 2025 மார்ச்சில் புளூ கோஸ்ட் நிலவில் இறங்கி நேராக நின்று வேலை செய்தது. தோல்விக்குப் பிறகும் நாசா பணம் ஒதுக்குவதை நிறுத்தவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். சிறுகோளுக்கும் அப்படி ஒரு பெரிய முதல் வாடிக்கையாளர் வந்து பாதி இடத்தை வாங்கிக்கொண்டால், மீதி இடத்தை ஒரு சிறிய பல்கலைக்கழகம்கூட வாங்கலாம்.

அதற்கு நல்ல சந்தர்ப்பம் 2029 ஏப்ரல் 13. அன்று அபோபிஸ் சிறுகோள் பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து போகும். பூமியின் ஈர்ப்பு அதன் சுழற்சியையும் மேற்பரப்பையும் எப்படி மாற்றுகிறது என்று பார்க்க, கடப்பதற்கு முன்பே பக்கத்தில் போய் நிற்க வேண்டும். உங்களிடம் வரும் நிறுவனம் அபோபிஸுக்குப் போவதாகச் சொன்னால், ராக்கெட் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டதா, கலத்தோடு பேச எந்தத் தரை ஆன்டெனாக்களில் எத்தனை மணி நேரம் முன்பதிவாகியிருக்கிறது என்ற இரண்டையும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். இரண்டுக்கும் காகிதத்தைக் காட்டினால் தாராளமாகப் பேச்சைத் தொடருங்கள்.