டர்பன் கோயில் பதிவுச் செயலி: பக்தருக்கும் கணக்கு கம்ப்யூட்டருக்கும் ஒரே ஏபிஐ கீ போதுமா?

கேள்வியின் சுருக்கம்: காவடிப் பதிவுக்கும் மண்டப முன்பதிவுக்கும் ஒரு போன் செயலி. பின்னால் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) கேப்டவுன் ரீஜியனில், அழைப்புகளை வாங்கி உள்ளே அனுப்பும் ரெஸ்ட் வகை ஏபிஐ கேட்வேயும், நிரலை ஓட்டும் லாம்டாவும் ஓடுகின்றன. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள கணக்கு அலுவலகக் கம்ப்யூட்டர் தினமும் ராத்திரி வசூல் விவரத்தை எடுக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் இப்போது ஒரே ஏபிஐ கீ (ஒவ்வொரு அழைப்போடும் அனுப்பும் சாவிச் சொல்). இது போதுமா?

போதாது. யார் எத்தனை முறை கூப்பிடுகிறார்கள் என்று எண்ணி அளவு கட்டத்தான் ஏபிஐ கீ. ஆளை அடையாளம் காண அல்ல. செயலிக்குள் பொதிந்த கீயை, ஆண்ட்ராய்டு செயலியின் ஏபிகே கோப்பைப் பிரிக்கத் தெரிந்த எவரும் எடுத்துவிடலாம். வெளியே போய்விட்டது என்று தெரிந்தாலும் உடனே மாற்ற முடியாது, மாற்றிய நிமிடமே எல்லார் போனும் நின்றுவிடும். தவிர, காவடிப் பதிவு என்பது ஒருவருடைய மத நம்பிக்கையைச் சொல்லும் தகவல். தென்னாப்பிரிக்காவின் போப்பியா (தனித்தகவல் பாதுகாப்பு) சட்டம், பிரிவு 26, அதைச் சிறப்புத் தனித்தகவல் என்றே வகைப்படுத்துகிறது. மண்டபத் தேதிக்குக் காட்டும் கவனத்தைவிட இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில் மனிதர்களின் வழி. ஏடபிள்யூஎஸ்ஸின் காக்னிட்டோ மாதிரி ஒரு லாகின் சேவையில், ஆத்தரைசேஷன் கோடு முறையை (லாகின் ஆனதும் வரும் தற்காலிகக் குறியீட்டைக் கொடுத்து, டோக்கன் என்ற அனுமதிச் சீட்டை வாங்குவது) பிகேசிஈயுடன் (அந்தக் குறியீட்டை வேறொருவர் பயன்படுத்தாமல் காக்கும் சோதனை) வையுங்கள். லாகின் சேவையில் போன் செயலிக்கான பதிவுக்கு (க்ளையன்ட்) ரகசியச் சொல் (சீக்ரெட்) உருவாக்கவே வேண்டாம். போனில் வைத்தது ரகசியமாக இருக்காது. கேட்வேயை ஹெச்டிடிபி வகைக்கு மாற்றினால் ஜேடபிள்யூடி (கையெழுத்திட்ட டோக்கன் வடிவம்) சரிபார்ப்பை அதுவே செய்யும், நீங்கள் கோடு எழுத வேண்டியதில்லை. கையெழுத்து, வழங்கியவர், யாருக்காக வழங்கியது, காலாவதி எல்லாவற்றையும் அது பார்க்கும்.

இங்கே பலர் தவறவிடும் ஓட்டை ஒன்று இருக்கிறது. காக்னிட்டோ ஐடி டோக்கன் (ஆள் யார் என்பதைச் சொல்வது), ஆக்சஸ் டோக்கன் (எதற்கு அனுமதி என்பதைச் சொல்வது) என்று இரண்டு தருகிறது. ஐடி டோக்கனில் 'ஆட்' (யாருக்காக வழங்கியது) என்ற புலம் உண்டு. ஆக்சஸ் டோக்கனில் இயல்பாக அது இல்லை, 'க்ளையன்ட் ஐடி'தான் உண்டு. 'ஆட்' இல்லாதபோது கேட்வே க்ளையன்ட் ஐடியைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே ரூட்டில் (ஏபிஐயின் ஒவ்வொரு முகவரியும் ஒரு ரூட்) ஸ்கோப் (எந்த வேலைக்கு அனுமதி என்ற குறிப்பு) எதுவும் போடாமல் விட்டால் இரண்டு டோக்கனுமே உள்ளே போய்விடும். ஐடி டோக்கனில் ஸ்கோப் கிடையாது என்பதால், ஒவ்வொரு ரூட்டிலும் ஒரு ஸ்கோப்பைக் கட்டாயமாக்கினால் ஆக்சஸ் டோக்கன் மட்டுமே செல்லும்.

ஆக்சஸ் டோக்கனின் ஆயுள் இயல்பாக 1 மணி நேரம். 5 நிமிடம் முதல் 1 நாள் வரை மாற்றலாம். 15 நிமிடம் வையுங்கள். பொறுப்பிலிருந்து விலகிய ஒரு தொண்டரின் கணக்கை முடக்கினாலும், கையில் உள்ள ஆக்சஸ் டோக்கனைக் காலாவதி ஆகும்வரை கேட்வே ஏற்றுக்கொண்டுதான் இருக்கும். டோக்கனுக்குள் 13 இலக்க அடையாள எண்ணையோ நட்சத்திரம், கோத்திரத்தையோ போடாதீர்கள். அது பேஸ்64 எழுத்துதான், பூட்டு அல்ல. யாரும் பிரித்துப் படிக்கலாம். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி என்பது ஊரறிந்தது.

ரெஸ்ட் வகையிலேயே இருந்து லாம்டா ஆத்தரைசர் (அனுமதியை முடிவு செய்யும் உங்கள் நிரல்) எழுதப் போகிறீர்கள் என்றால், ஒரு தொல்லைக்குத் தயாராக இருங்கள். டோக்கன் வகை ஆத்தரைசர் தரும் பாலிசியை (எந்த அழைப்புகளுக்கு அனுமதி என்ற பட்டியல்), அந்த டோக்கனை வைத்து கேட்வே இயல்பாக 300 நொடி நினைவில் வைத்திருக்கும். வந்த அழைப்பின் மெத்தட் ஏஆர்என்னை (அந்த ஒரு அழைப்பின் முழு முகவரி) அப்படியே பாலிசியில் எழுதினால், பக்தர் முதலில் பட்டியலைப் பார்க்கும்போது 200 (சரி) வரும், அடுத்த நொடியில் பதிவு செய்யப் போனால் 403 (அனுமதி இல்லை) வரும். ஐந்து நிமிடம் கழித்துப் பதிவை முதலில் செய்தால் அது நடக்கும், பட்டியல் நிற்கும். இந்த நினைவை (கேஷ்) அணைப்பது மருந்தல்ல. அந்தப் பயனருக்கு உரிய எல்லா ரூட்டுகளையும் பாலிசியில் முழுதாக எழுதுங்கள்.

இனி சாட்ஸ்வொர்த் கம்ப்யூட்டர். ஒரு மனிதரின் பாஸ்வேர்டை அதில் போடாதீர்கள். அவர் பாஸ்வேர்டு மாற்றும் நாளில் கணக்கு நின்றுபோகும், நடவடிக்கைப் பதிவேட்டிலும் (லாக்) அவர் பெயரே இருக்கும். தனி க்ளையன்ட், தனி சீக்ரெட், க்ளையன்ட் கிரெடென்ஷியல்ஸ் முறை (மனிதர் இல்லாமல் கம்ப்யூட்டரே தன் சீக்ரெட்டைக் கொடுத்து டோக்கன் வாங்குவது), 'வசூல் படி' மாதிரி ஒரே ஒரு ஸ்கோப். இந்த முறையில் ரெஃப்ரெஷ் டோக்கன் (மறுபடி லாகின் இல்லாமல் புது டோக்கன் வாங்க உதவுவது) கிடையாது. வாங்கிய டோக்கனை நினைவில் வைத்து, காலாவதிக்கு ஒரு நிமிடம் முன்னால் புதிது வாங்குங்கள். ஏடபிள்யூஎஸ்ஸுக்கு உள்ளேயே ஓடும் வேலைகளுக்கு இதுகூட வேண்டாம், ஐஏஎம் ரோல் (ஏடபிள்யூஎஸ்ஸே அந்த வேலைக்குத் தரும் அனுமதி) போதும்.

லோட் ஷெடிங்கில் (மின்வெட்டு) அடிக்கடி அணைந்த பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால், கரண்ட் வந்ததும் கடிகாரம் பின்னால் போய்விடும். வருடக்கணக்கில் போனால் டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) சான்றிதழே செல்லாது என்று இணைப்பு முறியும். இரண்டு மணி நேரம் மட்டும் பின்தங்கினால் கண்டுபிடிப்பது கடினம்: காலாவதியான டோக்கன் இன்னும் நல்லது என்று நிரல் நம்பும், மணிக்கணக்கில் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) வாங்கும். என்டிபி ஒத்திசைவை (இணையம் வழி கடிகாரத்தைச் சரிசெய்வது) ஸ்டார்ட்அப்பிலேயே வையுங்கள். 401 வந்தால் புது டோக்கன் வாங்கி ஒரே ஒரு முறை மறுபடி முயல வேண்டும். முடிவில்லாமல் முயன்றால் லாகின் சேவையே உங்களைத் தடுத்துவிடும்.

கேட்வே செய்யாத வேலையும் ஒன்று உண்டு. வந்தவர் யார் என்று அது சொல்லும். 1042ஆம் பதிவு அவருடையதா என்று சொல்லாது. முகவரியில் 1042ஐ 1043 ஆக்கினால் அடுத்த குடும்பத்தின் விவரம் திறக்கிறது என்றால், எத்தனை டோக்கன் வைத்தும் பயனில்லை. ஓவாஸ்ப் என்ற மென்பொருள் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட 2023 ஏபிஐ ஆபத்துப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். லாம்டாவில் ஒவ்வொரு பதிவையும் எடுக்கும்போது, டோக்கனில் உள்ள 'சப்' (பயனரின் அடையாளம்) மதிப்பு பதிவின் உரிமையாளரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். செயலி அனுப்பும் பயனர் எண்ணை நம்ப வேண்டாம்.

பழைய கீயை நிறுத்தும் முன், ஹெச்டிடிபி வகை கேட்வேக்கு ஐந்து அழைப்புகளை நீங்களே அனுப்பிப் பாருங்கள். டோக்கன் இல்லாமல்: 401. காலாவதியான டோக்கன்: 401, காரணம் டபிள்யூடபிள்யூடபிள்யூ-ஆதென்டிகேட் ஹெடரில் இருக்கும். ஐடி டோக்கன்: 403. கணக்கு கம்ப்யூட்டரின் டோக்கனோடு பதிவு ரூட்: 403. ஒரு குடும்பத்தின் டோக்கனோடு இன்னொரு குடும்பத்தின் பதிவு: கேட்வே விட்டுவிடும், உங்கள் லாம்டா 404 (அப்படி எதுவும் இல்லை) தர வேண்டும். இந்தக் கடைசி அழைப்புக்கு 200 வந்தால் செயலியை வெளியிடாதீர்கள்.