கர்த்தருக்குப் பயப்படுதல்: மலையகத்திலிருந்து வந்த கேள்விகள்

ஹட்டன் சகோதரி: ஐயா, "அன்பிலே பயமில்லை" என்று 1 யோவான் 4:18 சொல்கிறதே. பிறகு ஏன் கடவுளுக்குப் பயப்படச் சொல்கிறீர்கள்?

அந்த வசனத்தை முழுதாக வாசியுங்கள், தங்கச்சி. "பயமானது வேதனையுள்ளது" என்று வருகிறது. முந்திய வசனம் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது. ஆகவே அங்கே தள்ளப்படுவது அடி விழும் என்று நடுங்கும் பயம். யாத்திராகமம் 20:20இல் மோசே இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்: பயப்படாதிருங்கள், ஆனால் பாவம் செய்யாதபடிக்குத் தேவனைப் பற்றும் பயம் உங்கள் முன் இருக்கட்டும்.

எந்தப் பயம் நமக்குள் இருக்கிறது என்று அறிய, பிழை செய்தபின் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஆதாம் பயந்து ஒளித்துக்கொண்டான். சங்கீதம் 130:4 வேறு பயத்தைச் சொல்கிறது: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." மன்னிக்கிறவரிடம் போகிறவனுக்கு வரும் பயம் அது.

மஸ்கெலியா தம்பி: நான் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கிறேன். சாக்கின் பாரத்துக்கும் இலையில் உள்ள தண்ணிக்கும் என்று கூடுதலாகக் கிலோ வெட்டச் சொல்கிறார்கள். இதற்கும் தெய்வபயத்துக்கும் சம்பந்தம் உண்டா?

இதுதான் தெய்வபயம் நிற்கிற இடமே, தம்பி. "உன் தேவனுக்குப் பயந்திரு" என்ற கட்டளை லேவியராகமத்தில் 5 இடங்களில் வருகிறது. செவிடனைத் திட்டாதே, குருடன் முன் தடுக்கல் வைக்காதே (19:14). நரைத்தவர் முன் எழுந்து நில் (19:32). கொடுக்கல் வாங்கலில் அநியாயம் செய்யாதே (25:17). ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்காதே (25:36). உன்னிடம் வேலை செய்கிறவனைக் கொடூரமாய் ஆளாதே (25:43). பெரும்பாலும் திருப்பிக் கேட்க முடியாத ஆட்கள். செவிடனைத் திட்டினால் அவனுக்குக் கேட்காது, கர்த்தருக்குக் கேட்கும்.

ஒரு நாளைக்கு 18 கிலோ பறிக்க வேண்டும் என்று நோர்ம் உள்ள தோட்டத்தில் 19 கிலோ பறித்த அக்காவுக்கு 2 கிலோ வெட்டினால் 17. அவருடைய முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், போய்விடும். அதனால் வெறும் சாக்கை அவர்கள் கண் முன்னே ஒருமுறை நிறுத்துக் காட்டுங்கள். வெயில் நாளில் தண்ணிக்குக் கழிக்காதீர்கள். கழித்ததைத் துண்டில் தனியாக எழுதி வாசித்துக் காட்டுங்கள்.

மேலிடத்துக்குப் பயம் என்பது எனக்கு விளங்குகிறது. வேலை போனால் அடுப்பு எரியாது. ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோன் கட்டளையை, தேவனுக்குப் பயந்து மீறிய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் இரண்டு பேராக நின்றார்கள் (யாத்திராகமம் 1:15-17). நீங்களும் தனியாக மோதாமல் உங்களோடு நிறுக்கிறவர்களையும் தோட்டத் தலைவரையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள்.

பண்டாரவளை அண்ணன்: மண்சரிவில் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) போனது அங்கிருந்தவர்களுக்குத் தெய்வபயம் இல்லாததால்தான் என்று எங்கள் சபையில் ஒருவர் சொன்னார்.

அப்படிச் சொல்லவே கூடாது, அண்ணன். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று தாமே பதில் சொன்னார் (லூக்கா 13:4-5). 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்த மீரியபெத்தையில் மண் மூடிய லயங்களுக்கும் அதே பதில்தான். அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சனங்களுக்குப் பாதுகாப்பான இடம்தான் கிடைக்கவில்லை.

சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் "கர்த்தர் காப்பார்" என்று லயத்திலேயே படுத்திருப்பதும் தெய்வபயம் அல்ல. கர்த்தரைப் பரீட்சை பார்க்காதே என்று மத்தேயு 4:7இல் இயேசு மறுத்தது அதைத்தான். சபைக் கட்டடம் சரிவில்லாத இடத்தில் இருந்தால், கதவைத் திறந்து பாய் போடுங்கள்.

பொகவந்தலாவ அக்கா: பிள்ளைகளை "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லித்தான் அடக்குகிறோம். பிழையா?

பிழைதான், அக்கா. கண் குத்தப்படவில்லை என்று பிள்ளை ஒருநாள் கண்டுபிடிக்கும். அன்றைக்குப் பயமும் போகும், உங்கள் சொல்லும் போகும். கோப்பையை உடைத்த பிள்ளை தானாக வந்து சொன்னால், அன்றைக்கு அடிக்காதீர்கள். ஒளிக்காமல் வந்ததற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, தும்புத்தடியை எடுத்துச் சேர்ந்தே கூட்டுங்கள்.