அலமாரியில் கிடந்த கடைசித் தைலசின்

கேள்வி: டாஸ்மேனியப் புலி, அதாவது தைலசின், 1936ஆம் ஆண்டோடு போய்விட்டது. ஆடுகளை அடித்துத் தின்ற அந்த விலங்கு இயற்கையாகவே அழிந்துபோனது. அதன் தோலையும் எலும்பையும் டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட்டின் அருங்காட்சியகத்தில் இன்னும் காட்சிக்கு வைத்திருப்பதால் யாருக்கு என்ன பயன்? பழைய படச்சுருள் இருக்கிறதே, அது போதாதா?

பதில்: 'இயற்கையாகவே அழிந்துபோனது' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே அந்தக் காட்சி அங்கே இருந்தாக வேண்டும்.

ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் தைலசின் மறைந்து சுமார் 3,000 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குக் காரணம் டிங்கோ நாய்களா, மனிதர்களா, பருவநிலையா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். டாஸ்மேனியத் தீவில் நடந்ததற்கோ அரசாங்கக் கணக்கே இருக்கிறது. வளர்ந்த விலங்குக்கு ஒரு பவுண்டு, குட்டிக்குப் பத்து ஷில்லிங் என்று வெகுமதி அறிவித்து, 1888 முதல் 1909 வரை 2,184 தைலசின்களுக்கு அந்த அரசு பணம் பட்டுவாடா செய்தது. நோயும் காடழிப்பும் நாய்களும் சேர்ந்துகொண்டன என்பதை மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுத்துக் கொல்லச் சொன்னதை இயற்கையின் கணக்கில் எழுதக் கூடாது. தமிழில் 'அழிந்தது' தன்வினை, 'அழித்தார்கள்' பிறவினை. இப்படிப்பட்ட காட்சி எதைப் பார்த்தாலும், விளக்க அட்டையில் இவ்விரண்டில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஆட்டை அடித்தது என்ற குற்றச்சாட்டையும் அப்படியே ஏற்பதற்கில்லை. தைலசினின் மண்டையோட்டைக் கணினியில் ஏற்றி, கடிக்கும்போது தாடை எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதித்தவர்கள், பெரிய இரையை மல்லுக்கட்டி வீழ்த்தும் வலு அதற்கு இல்லை, போசம் போன்ற சிறிய விலங்குகளே அதற்கு ஏற்ற இரை என்று 2011இல் எழுதினார்கள். விக்டோரியா அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கு மேல் சாராயத்தில் ஊறிக்கிடந்த, தாயின் வயிற்றுப் பையில் வளரும் பருவத்துக் குட்டி ஒன்றிலிருந்து இந்த இனத்தின் மரபணுத் தொகுதியை 2017இல் படித்துவிட்டார்கள். படச்சுருள் அருமையானதுதான், கூண்டுக்குள் உலாவும் அந்த உருவத்தைப் பார்க்கும்போது எனக்கும் மனம் கனக்கிறது. ஆயினும் அதிலிருந்து ஒரு துளி மரபணுவைக்கூட எடுக்க முடியாது.

இனி நீங்கள் கேட்ட ஹோபார்ட் காட்சிக்கு வருகிறேன். கடைசித் தைலசின் அந்நகரின் போமாரிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 1936 செப்டம்பர் 7 அன்று இறந்தது. அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்து 59 நாட்களே ஆகியிருந்தன. உடல் அருங்காட்சியகத்துக்கு வந்தது, ஆனால் விலங்கியல் பதிவேட்டில் யாரும் வரவு வைக்கவில்லை. ஆகவே அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்றே பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். 1936–37ஆம் ஆண்டுக்கு அருங்காட்சியகத்தில் விலங்குகளின் உடலைப் பதப்படுத்துபவர் எழுதி, அச்சேறாமல் கிடந்த ஓர் அறிக்கையில் தைலசின் ஒன்று குறிப்பிடப்பட்டிருப்பதைக் கண்டு ஆய்வாளர்கள் தேடத் தொடங்கினார்கள். 2022 டிசம்பரில் உண்மை வெளியானது: அது வயதான ஒரு பெண் விலங்கு, அதன் எச்சங்கள் அதே கட்டடத்தில், கல்விப் பிரிவின் அலமாரியில் அத்தனை காலமும் இருந்திருக்கின்றன.

எலும்புக்கூட்டைக் கழற்றி, ஆசிரியர்கள் உடலமைப்பை விளக்குவதற்கு வசதியாக ஐந்து அட்டைகளில் பொருத்தியிருந்தார்கள். தோலையோ வைக்கோல் அடைத்து நிற்க வைக்காமல், விரிக்கவும் மடக்கவும் வளையுமாறு பதப்படுத்தியிருந்தார்கள். எடுத்துச் செல்ல எளிதாக இருந்ததாலேயே அது காட்சிப்பொருளாக ஊர் ஊராகப் போய்வந்தது. அதை எடுத்துச் சென்றவர்களுக்கும் பார்த்த பிள்ளைகளுக்கும் தங்கள் முன்னால் இருப்பது ஓர் இனத்தின் கடைசி உயிர் என்பது தெரியாது. அதைச் சொல்லும் ஒரு சீட்டு அதனோடு இருக்கவில்லை. இப்போது அந்தத் தோலும் எலும்பும் இன்னது என்ற அடையாளத்தோடு அதே அருங்காட்சியகத்தின் தைலசின் கூடத்தில் இருக்கின்றன. அதை மறுபடியும் அலமாரிக்குள் வைக்கச் சொல்கிறீர்களா?