கோலாலம்பூரில் சின்னச் சின்ன ஹால்களில் குஸ்தி போடுகிறார்களே, அதெல்லாம் டூப்பா? உண்மையில் அடி படுமா?

முடிவு பேசி வைத்ததுதான். யார் ஜெயிப்பது, எந்தப் பிடியில் ஜெயிப்பது என்பதெல்லாம் டிக்கெட் கிழிக்கும் முன்பே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்று தெரிந்துகொண்டேதான் நம் ஆட்கள் விடிய விடியக் கூத்துப் பார்த்தார்கள். ஆனால் பலகை மேல் விழுகிற முதுகுக்குக் கதையெல்லாம் தெரியாது. அது விழும், வலிக்கும், மறுநாள் நீலம் பூக்கும்.

இந்த ஊருக்குக் குஸ்தி புதிதும் இல்லை. தாத்தாமாரிடம் தாரா சிங், கிங்காங் என்று இரண்டு பெயரைச் சொல்லிப் பாருங்கள், தே தாரிக் டீ ஆறிப்போகும் வரை பேசுவார்கள். தாரா சிங் 1947-இல் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் வந்தவர். அங்கேதான் குஸ்தி பழகினார். பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து மலேசிய சாம்பியன் ஆனார். கிங்காங்கின் நிஜப் பெயர் எமில் சாயா, ஹங்கேரிக்காரர். இன்றைய தலைமுறைக்கு மலேசியா புரோ ரெஸ்லிங் என்ற அமைப்பு 2014-இல் வந்தது. ஹிஜாப் அணிந்து மோதும் 'ஃபீனிக்ஸ்' நோர் டயானா 2019 ஜூலையில் நான்கு ஆண்களை வென்று பட்டம் வாங்கியது அந்த அமைப்பில்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சின்ன அளவில் குஸ்தி போடுகிறவர் அதிக நேரம் மல்லுக்கட்டுவது எதிராளியோடு இல்லை, மேடையோடு. மேட்ச் 10 நிமிஷம். அதற்கு ரிங் பொருத்த 2, 3 மணி நேரம், பிரிக்க இன்னொரு மணி நேரம். போஸ்டரில் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும் 'கோப்ரா' (எல்லா ஊரிலும் ஒரு கோப்ரா உண்டு) மத்தியானம் இரண்டு மணிக்கு லோரியின் பின்னால் நின்று, "அண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க, கைய நசுக்கிடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்.

டிவியில் பார்க்கும் பெரிய கம்பெனி ரிங் 20 அடிக்கு 20 அடி. உள்ளூர் ஹாலுக்கு 16 அல்லது 18 அடிதான் கட்டுப்படியாகும். மூலைக்கு ஒன்றாக 4 இரும்புத் தூண், அவற்றைக் கோர்க்கும் உத்தரங்கள், நடுவே குறுக்குச் சட்டம். அதன் மேல் 2 அங்குலக் கனமும் 1 அடி அகலமும் உள்ள பலகைகள். 18 அடி ரிங்குக்கு 18 பலகை. பலகை மேல் ஓர் அங்குல ஃபோம், அதன் மேல் கேன்வாஸ். அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் மெத்தை என்று நினைப்பது அந்த ஓர் அங்குலத்தைத்தான். பாயில் படுத்து வளர்ந்தவர்களுக்கு அந்த மென்மை புதிதாக இருக்காது.

தகராறு எப்போதும் பதினெட்டாவது பலகையில் வரும். பதினேழு உட்கார்ந்துவிடும், கடைசி ஒன்று நுழையாது. உடனே ஒருவர் ரப்பர் சுத்தியலைத் தூக்குவார். தூக்கக் கூடாது. சட்டம் சதுரமாக இல்லை என்று அர்த்தம். பலகை போடும் முன்பே அளவு டேப்பை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்; இரண்டும் சமமாக வந்தால்தான் சதுரம். இரண்டு அங்குலம் வித்தியாசம் இருந்தால் நீளம் காட்டுகிற மூலையை உள்ளே தள்ள வேண்டும். அடித்து நுழைத்த பலகை மூன்றாவது மேட்சில் துள்ளிக் கிளம்பும், இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழையும் சந்து விழும். கேன்வாஸ் மூடியிருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது, கணுக்காலுக்குத்தான் தெரியும். விவரமானவர்கள் பலகைக்கெல்லாம் எண் போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே வரிசை.

கயிறு மூன்று, மூலைக்கு மூன்றாக மொத்தம் 12 திருகு, டர்ன்பக்கிள் என்பார்கள். சில இடத்தில் டேப் சுற்றிய நிஜக் கயிறு, சில இடத்தில் ரப்பர் குழாய்க்குள் போன இரும்பு வடம். முறுக்கும்போது ஒரு மூலையை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தூண் உள்ளே சாயும். எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இடைவேளையில் மறுபடி ஒரு சுற்று, ஏனென்றால் நாலு கனத்த முதுகு சாய்ந்தபின் எந்தக் கயிறும் துணி காயப்போடும் கொடியாகத்தான் தொங்கும். அதில் ஓடிப்போய்ச் சாய்ந்தவர் திரும்பி வரமாட்டார். முன்வரிசை நாற்காலிக்குப் போவார்.

பயிற்சிக்கு வரும் பையன்கள் முதல் நாளே மேல்கயிற்றில் ஏறிக் குதிக்க ஆசைப்படுவார்கள். கிடைப்பது மல்லாக்க விழும் பாடம். அதுவும் நின்றபடி இல்லை. முதலில் படுத்துக்கொண்டு கையை மட்டும் தட்டுவது, பிறகு உட்கார்ந்து சாய்வது, பிறகு குந்தி விழுவது, கடைசியில்தான் நின்று விழுவது. முறை இதுதான்: தாடை நெஞ்சில் ஒட்ட வேண்டும், கண் தன் தொப்புளைப் பார்க்க வேண்டும். தோள்பட்டைக்குக் கீழே முதுகின் அகலமான பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் பலகையில் பட வேண்டும். அதே நொடியில் இரண்டு கையும் உடம்பிலிருந்து பாதிச் சாய்வில், உள்ளங்கை கீழே பார்க்க, பலகையை அறைய வேண்டும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே விழ வேண்டும். அடக்கிக்கொண்டு விழுந்தால் அரை நிமிஷம் மீன் மாதிரி வாய் திறந்து மூட வேண்டியதுதான்.

எல்லாரும் செய்யும் தப்பு, விழும்போது கையைப் பின்னால் ஊன்றப் பார்ப்பது. பிறந்ததிலிருந்து உடம்பு பழகியது அது. மணிக்கட்டு போகும், இல்லாவிட்டால் முழங்கை. இரண்டாவது தப்பு, பயத்தில் உட்காருவது போல இறங்குவது. வால் எலும்பு தாங்கும், பிறகு இரண்டு வாரம் எல்.ஆர்.டி. ரயிலில் காலி சீட் இருந்தாலும் நின்றுகொண்டுதான் பயணம். மூன்றாவது, தாடையைத் தூக்கிவிடுவது. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, பின்மண்டை அடிக்கும். தலைசுற்றல் வந்தால் அன்றைக்கு மேட்ச் கிடையாது, டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ரிங்.

கயிற்றில் ஓடுவதும் சுலபமாகத் தெரியும். 18 அடி ரிங்கில் கயிற்றுக்குக் கயிறு மூன்று எட்டு. மூன்றாவதில் திரும்பி, அக்குளுக்குக் கீழே முதுகுச் சதை கயிற்றில் பட வேண்டும். கை மேல்கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும், கயிறு அறுந்தால் அந்தக் கைதான் காப்பாற்றும். முதல் மாதம் அக்குள் ஓரமெல்லாம் கருநீலக் கோடு. நான்கு எட்டு வைக்கிறவர் மூச்சு வாங்குவார், இரண்டில் போக நினைக்கிறவர் கயிற்றுக்கு எட்டாமல் நடுவிலேயே திரும்பி, சும்மா நிற்கும் எதிராளியைப் பார்த்து அசடு வழிவார்.

பிடியெல்லாம் இடது பக்கம்தான். இடது கை, இடது கால், தலையைப் பிடித்தாலும் இடது இடுக்கில். எல்லாரும் ஒரே பக்கம் என்று வைத்துக்கொண்டதால் சிங்கப்பூரிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வருகிறவரோடு ஒத்திகை இல்லாமலே மோதலாம். மெக்சிகோக்காரர்கள் மட்டும் வலது பக்கம். அங்கே பழகியவரோடு முதல்முறை போடும் மேட்ச், ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிடுவது போல இருக்கும்.

தூக்கி அடிப்பதில் பாதி வேலை தூக்கப்படுகிறவருடையது. அவர் குதிக்க வேண்டும், தூக்குகிறவரின் தொடையில் கை ஊன்றி எழும்ப வேண்டும். குதிக்காமல் அரிசி மூட்டை மாதிரி நின்றுவிட்டால் போவது தூக்குகிறவரின் இடுப்பு. கோபத்தைக் காட்ட இதைவிட மௌனமான வழி வேறில்லை. போன மாதம் பெட்ரோல் காசு தராதவரை இப்படித்தான் பழி வாங்குவார்கள். நோர் டயானாவின் எடை 43 கிலோ என்று செய்திகளில் வந்தது. அந்த எடைக்குப் பறப்பதுதான் ஆயுதம், தாங்குவது எதிரில் நிற்கும் தடியர்களின் வேலை.

குத்து டூப்பு. கை தளர்வாகப் போகும், சத்தம் காலைத் தரையில் தட்டுவதால் வருகிறது. காதைக் கொடுத்தால் பிடிபடும். ஆனால் நெஞ்சில் விழும் அறை, அந்த 'பளார்', அதில் டூப்பே கிடையாது. விரலைச் சேர்த்து நெஞ்சின் மேல்பாகத்தில் அறைவார்கள். தொண்டையும் காறை எலும்பும் தப்ப வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஐந்து விரலும் பதியும். ஞாயிறு ஷோ முடிந்து திங்கட்கிழமை எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுக்கப் போகிறவர், கிளினிக்கில் சட்டையைக் கழற்றச் சொன்னால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போவார். எம்சி கிடைத்தாலும் நிம்மதி இல்லை, யாராவது அவரை டேக் செய்து வீடியோ போட்டிருப்பார்கள், அதற்கு சூப்பர்வைசர் ஏற்கெனவே லைக் போட்டிருப்பார்.

உடுப்பு தனிக் கதை. இறுக்கமான கால்சட்டைக்கு நாலு பக்கமும் இழுபடும் லைக்ரா துணி வேண்டும். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடைகளில் தேடினால் கிடைக்கும், ஓர் ஆளுக்கு ஒன்றரை மீட்டர் போதும். துணியைக் கடையிலேயே இழுத்துப் பாருங்கள், வெளுத்துப்போனால் வாங்காதீர்கள். இதை ரவிக்கை தைக்கும் அக்காவிடம் கொடுத்தால் அவர் பாவம், நேர்த்தையல் போட்டுத் தருவார். நேர்த்தையலுக்கு இழுபடத் தெரியாது. வீட்டுக் கண்ணாடி முன் நிற்கும்போது அழகாக இருக்கும், ரிங்கில் முதல்முறை குந்தும்போது நடுத்தையல் 'டர்ர்' என்று விடும். சிக்சாக் தையல் அல்லது ஓவர்லாக், ஊசியும் முனை மழுங்கிய ஊசி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். வெள்ளை லைக்ரா வேண்டவே வேண்டாம். நம் ஊர் வியர்வையில் ஐந்தாவது நிமிஷம் ஊருக்கே எக்ஸ்ரே. என்ன நிறமானாலும் உள்ளே இன்னொன்று போடுவது அவரவர் மானம். கணுக்கால் காப்புக்கு மோட்டார் சைக்கிள் சீட் தைக்கும் கடையில் ஃபோம் வைத்து ரெக்சினில் தைத்து வாங்குவது நல்ல யோசனை, மழைக்கும் தாங்கும். முகமூடி போடுகிறவர் மூக்குத் துவாரத்தைப் பெரிதாக வெட்டச் சொல்ல வேண்டும். நனைந்த துணி மூக்கில் ஒட்டினால் மூச்சு அந்தத் துணி வழியாகத்தான் வரும்.

உடம்பு மின்னட்டும் என்று எண்ணெய் பூசுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். தூக்கும்போது வழுக்கும், கேன்வாஸில் இறங்கிய எண்ணெய் அடுத்த மேட்ச்காரரை வழுக்கும். கேன்வாஸை ஒவ்வொரு ஷோவுக்குப் பிறகும் குளோராக்ஸ் பிளீச் கலந்த தண்ணீரில் துடைத்துக் காயவைக்காவிட்டால் படர்தாமரை வரும். ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும். உடைமாற்றும் அறையில் கோடாலித் தைலம் மணப்பது மட்டும் எந்தக் காலத்திலும் போகாது. அடி பட்ட அன்று சூடேற்றும் தைலம் தேய்க்கக் கூடாது, ஐஸ்தான் வைக்க வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.

வில்லனாக இருப்பது ஹீரோவைவிடச் சிரமம், ஆனால் பினாங்கில் மட்டும் சுலபம். கேஎல் என்கிற கோலாலம்பூரிலிருந்து 350 கிலோமீட்டர் ரிங்கை லோரியில் ஏற்றிக்கொண்டு போய், மைக்கைப் பிடித்து, பினாங்குக்காரர்கள் தங்கள் சொத்தாக நினைக்கும் குழம்புச் சோற்றைப் பற்றி, "நாசி கண்டார்னா எங்க கேஎல் நாசி கண்டார்தான்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அதற்குமேல் ஓர் அடிகூட அடிக்கத் தேவையில்லை. செண்டோல் என்ற ஐஸ் இனிப்பையும் சேர்த்துச் சொன்னால் பாதுகாப்புக்கு ஆள் வைக்க வேண்டிவரும்.

அடுத்த அசைவு என்ன என்பதைத் தலையைப் பிடித்திருக்கும்போது காதோடு சொல்லிக்கொள்வார்கள். நடுவர் எண்ணுவது மட்டும் செய்வதில்லை. "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்ற செய்தியை இரண்டு பக்கமும் கொண்டுபோகும் தபால்காரரும் அவர்தான். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறியாகக் காட்டினால் நிஜமாகவே ஒருவருக்கு அடி பட்டிருக்கிறது என்று அர்த்தம். விஷயம் தெரியாத கூட்டம் அதற்கும் கைதட்டும். நீங்கள் தட்டாதீர்கள், வழிவிடுங்கள்.

பார்க்கப் போவதென்றால் இரண்டாவது வரிசையில் உட்காருங்கள். முதல் வரிசை படத்துக்கு நல்லது, மடிக்கு நல்லதில்லை. வியர்த்துக் கொட்டும் 90 கிலோ கோப்ரா எப்போது வந்து உட்காருவார் என்று சொல்ல முடியாது. தே ஓ ஐஸை (பால் இல்லாத ஐஸ் டீ) காலடியில் வைக்காதீர்கள். ஷோ முடிந்ததும் கொஞ்ச நேரம் இருங்கள். கால் மணி நேரம் முன்பு ஒருவரையொருவர் நாற்காலியால் அடித்துக்கொண்ட இரண்டு பேரும் பலகையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, "பதினேழு எங்க? பதினேழைக் காணோம்" என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அது நீங்கள் கால் வைத்திருக்கும் இடத்தில்தான் இருக்கும்.