குளோபல் ஸ்டடீஸ் மைனர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கூடவே குளோபல் ஸ்டடீஸ் (உலகளாவிய ஆய்வுகள்) மைனரும், அதாவது முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடப்பிரிவும், எடுக்க விரும்புகிறாள். எளிதாக மதிப்பெண் கிடைக்கும் ஐந்து பாடங்களைப் பொறுக்கி எடுத்தால் போதும் என்று தோழிகள் சொல்கிறார்களாம். நிபந்தனைகள் என்ன, பொருளியல் மாணவிக்கு இது உண்மையிலேயே பயன்படுமா என்று எழுத முடியுமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

நிபந்தனைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பெர்க்லியின் லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் கல்லூரியில் எந்த மைனராக இருந்தாலும் குறைந்தது ஐந்து மேல்நிலைப் பாடங்களை, அதாவது 100 முதல் 199 வரை எண்ணிடப்பட்டவற்றை, முடிக்க வேண்டும். ஐந்துக்கும் வெறும் தேர்ச்சியாக இல்லாமல் A, B, C என்று லெட்டர் கிரேடு பெற வேண்டும், சராசரி 4.0க்கு 2.0க்குக் குறையக் கூடாது. மூன்றையாவது பெர்க்லியிலேயே படித்திருக்க வேண்டும். பட்டம் பெறும் செமஸ்டருக்கு ஒரு செமஸ்டர் முன்பாவது மைனரைப் பதிவுசெய்துவிட வேண்டும். மேஜருக்கும் (முதன்மைப் பாடத்துக்கும்) மைனருக்கும் பொதுவாக ஒரே ஒரு மேல்நிலைப் பாடத்தைத்தான் கணக்குக் காட்டலாம்.

இந்தக் கடைசி விதியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பொருளியலில் ஏற்கெனவே படித்ததையே வேறு பெயரில் காட்டித் தப்பிக்க இடமில்லாமல், நான்கு பாடங்களுக்காவது உங்கள் மகள் தன் துறைக்கு வெளியே போய்த்தான் ஆக வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளில் அலைடு பாடத்தைப் பாடத்திட்டமே தீர்மானித்துவிடுகிறது. அங்கே தேர்வு மாணவியின் கையில் இருப்பதால், மனித உரிமை பற்றி ஒன்று, பருவநிலை பற்றி ஒன்று, ஆப்பிரிக்க அரசியல் பற்றி ஒன்று என்று எடுத்து, ஒன்றோடொன்று பேசாத ஐந்து பாடங்களுடன் வெளியே வருவதும் எளிது. தோழிகள் சொல்லும் வழி அங்கேதான் கொண்டுபோய் விடும்.

ஆகவே, பாடங்களைத் தேடும் முன் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். உலகில் விளையும் பாதாமில் முக்கால் பங்குக்கு மேல் கலிஃபோர்னியாவில் விளைகிறது. அதை அதிகம் வாங்கும் நாடு இந்தியா. அவள் படிக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓக்லாந்து துறைமுகத்திலிருந்து கப்பலேறி இந்தியாவுக்கு வரும் பாதாமில் பெரும்பகுதி ஓட்டோடுதான் வருகிறது. வடகிழக்கு தில்லியின் கராவல் நகரில் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் குடிபெயர்ந்த பெண்கள் அந்த ஓட்டை உடைத்துப் பருப்பை எடுக்கிறார்கள்; 2009 டிசம்பரில் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தமும் செய்தார்கள். அமெரிக்கா 2018இல் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் வரி விதிக்க, 2019 ஜூனில் இந்தியா பாதாம் உள்ளிட்ட பொருள்களுக்குப் பதில் வரி விதித்தது. 2023இல்தான் அது நீங்கியது. இதற்கிடையில், நிலத்தடி நீரை மட்டுமீறி உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்த 2014இல் கலிஃபோர்னியா இயற்றிய சட்டம் அந்தத் தோப்புகளின் எதிர்காலத்தையே கேள்விக்குள்ளாக்கியிருக்கிறது.

வரியைப் பற்றிப் பொருளியல் வகுப்பு நன்றாகவே சொல்லித்தரும். ஆனால் அந்த வரிச் சண்டையின் சுமை தோப்புக்காரர் மீதும் கராவல் நகர்ப் பெண் மீதும் எப்படி இறங்கியது என்று கேட்கத் தொடங்கினால், நீர் அரசியலில் ஒரு பாடம், புலம்பெயர் தொழிலாளர் பற்றி ஒன்று, தெற்காசிய வரலாற்றில் ஒன்று, வணிக ஒப்பந்தங்கள் பற்றி ஒன்று என்று தேவைகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். பெர்க்லியின் குளோபல் ஸ்டடீஸ் துறை தன் பாடங்களை வளர்ச்சி, அமைதியும் மோதலும், சமூகங்களும் பண்பாடுகளும் என்று பிரித்து வைத்திருப்பதன் பயனும் அப்போதுதான் தெரியும். இத்துடன் ஒரு மொழியும் படித்தால் மிக நல்லது. பெர்க்லியில் தமிழ் கற்பிக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமைதான். ஆனாலும் இந்தக் கேள்விக்கு உதவக்கூடியவை தோட்டத் தொழிலாளர் பேசும் ஸ்பானிஷும் கராவல் நகரின் இந்தியும்தான்.

பயனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மைனர் என்ற பெயருக்காக மட்டும் யாரும் வேலை தருவதில்லை. ஒரு பொருளை மூன்று திசையிலிருந்து ஆராய்ந்து எழுதிய முப்பது பக்கக் கட்டுரை ஒன்று கையில் இருந்தால், நேர்காணலில் அதைப் பற்றிப் பேச அவளுக்கு நிறைய இருக்கும். முதல் இரண்டு பாடங்களை மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். மேல்நிலைப் பாடங்களில் பல எல்லா செமஸ்டரிலும் நடத்தப்படுவதில்லை. நான்காம் ஆண்டுக்குத் தள்ளிவைத்தால், தேவையான பாடத்துக்குப் பதில் அந்தப் பருவத்தில் கிடைத்ததை எடுக்க வேண்டிவரும்.