கைரேகை விழவில்லை, இந்த மாதமும் அரிசி இல்லை

ரேஷன் கடையில் கைரேகை விழாததால் அம்மாவுக்கு இந்த மாதமும் அரிசி தரவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கைரேகை பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் அம்மாவுக்கு ரேஷன் மறுக்கக் கூடாது. 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது: கைரேகை மெஷின் ஏற்காவிட்டால் வேறு வழியில் அடையாளத்தைக் காட்டி வாங்கலாம்.

அம்மாவுக்கு இருபது வருடம் செங்கல் சூளையில் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். மண்ணும் சூடும் ரேகையைத் தேய்த்துவிடும்; வயதானால் தோலும் வறண்டுபோகும். உட்கார்ந்து வேலை பார்க்கிறவர் விரல் சட்டென்று விழுகிறது, கல் சுமந்தவர் விரல் விழுவதில்லை. அரிசி யாருக்கு அதிகம் தேவையோ அவரைத்தான் மெஷின் திருப்பி அனுப்புகிறது. திட்டம் போட்டவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் மைஆதார் (myAadhaar) இணையதளத்தில் அம்மாவின் ஆதார் எண்ணில் நுழைந்து, சரிபார்ப்பு வரலாற்றை, அதாவது ரேகை வைத்த ஒவ்வொரு முறையும் என்ன ஆனது என்ற பட்டியலைப் பாருங்கள். பிழை எண் 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் பயோமெட்ரிக், அதாவது ரேகை, கருவிழிப் பதிவு, யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. அதை நீங்களே திறந்துவிடலாம். நுழைய ஓடிபி வரும், அதனால் ஆதாரில் பதிந்த மொபைல் எண் கையில் இருக்க வேண்டும்.

300 வந்தால் ஆதார் மையத்தில் ரேகையோடு கருவிழியையும் புதுப்பியுங்கள். கடையில் பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கட்டைவிரல் மட்டும் போதாது. அப்போதும் மறுத்தால் ரேஷன் புகாருக்கான 1967 எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள்.

ஒன்று மட்டும்: ரேகை நிஜமாகவே தேய்ந்திருந்தால் புதுப்பித்தாலும் சில மாதத்தில் திரும்ப இதே கதைதான். கருவிழிக் கருவியும் எல்லாக் கடையிலும் இருக்காது.