விரல் நீட்டினால் யார் வருவார்கள்?

கேள்வி: எங்கள் வட்டாரக் கோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிவுசெய்யத் தன்னார்வலர்கள் தேடி போஸ்டர் ஒட்டினோம். பார்ப்பவரை நோக்கி நீட்டிய விரல், பின்னால் கோபுரம், அடியில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டை, 'நீங்கள் தேவை!' என்ற வரி. போன் செய்தவர்களில் சிலர் "எந்தக் கட்சி?" என்றார்கள். சிலர் "கும்பாபிஷேக வசூலா?" என்றார்கள். எங்கே பிசகு?

பதில்: படம் ஒன்று சொல்கிறது, நீங்கள் வேறொன்று சொல்ல நினைத்தீர்கள். நீட்டிய விரல் பட்டாளத்துக்கு ஆள் பிடித்த சைகை. 1914இல் ஆல்ஃபிரட் லீட் வரைந்த பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் படத்திலும், 1917இல் ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக் வரைந்த 'அங்கிள் சாம்' (அமெரிக்காவைக் குறிக்கும் கற்பனைக் கிழவர்) போஸ்டரிலும் இருப்பது அதே விரல்தான். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைத் தனியாகக் கூப்பிடுகிறார். கூட வேலை செய்யப்போகும் யாரும் படத்தில் இல்லை. இரண்டு நிறப் பட்டை நம் ஊர்ச் சுவரில் கட்சிக்கொடிதான். கோபுரமோ திருப்பணி நோட்டீஸின் அடையாளம்.

வேலையையே படமாகப் போடுங்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றும்போது கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்துகள் எழும்பி வரும். அந்த நொடியை அருகில் நின்று எடுங்கள். ஒருவர் தாளைப் பிடிக்க, இன்னொருவர் மை ஒற்ற, மூன்றாமவர் நோட்டில் குறிக்க, மூவரும் வேலையைப் பார்க்கட்டும், கேமராவை வேண்டாம். வயதும் ஆண்-பெண்ணும் கலந்திருக்கட்டும். 'இதில் எனக்கும் இடம் உண்டு' என்ற நினைப்பு அந்தக் கைகளைப் பார்த்துத்தான் வரும். பூதக்கண்ணாடியோடு தாடிக்காரப் பேராசிரியரைத் தனியாக நிறுத்தினால், படிப்பு குறைந்தவர்கள் நமக்கில்லை என்று போய்விடுவார்கள்.

செயற்கை நுண்ணறிவில் செய்த படம் வேண்டவே வேண்டாம். அதில் வரும் கல்வெட்டு எழுத்து பெரும்பாலும் எந்த எழுத்துமாக இருக்காது. உங்களுக்கு முதலில் வேண்டிய ஆள் கல்வெட்டு எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர். அவர்தான் முதலில் சிரித்துவிட்டுப் போவார்.

படத்துக்குப் போஸ்டரில் மூன்றில் இரண்டு பங்கு இடம் விடுங்கள். மிச்சத்தில் என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணி நேரம், முன் அனுபவம் வேண்டுமா, யாரைக் கேட்பது, அவ்வளவுதான். மூன்று மீட்டரிலிருந்து வாசிக்கத் தலைப்பெழுத்து 2.5 செ.மீ. உயரம் வேண்டும். ஏ3 தாளுக்கு, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), படம் 3508 × 4961 பிக்சல் இருக்கட்டும். அச்சகத்துக்குக் கொடுக்கும் பிடிஎஃப்பில் எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும்.

ஒட்டுவதற்கு முன், விஷயம் தெரியாத நாலைந்து பேரிடம் ஐந்து விநாடி காட்டி மூடிவிட்டு, "இது எதற்கு? யார் வரலாம்?" என்று கேளுங்கள். இருவர் தடுமாறினாலே படத்தை மாற்றுங்கள், வாசகத்தை அல்ல. படத்தில் முகம் தெரிகிறவர்களிடம் சம்மதம் எழுதி வாங்குங்கள். சிறுவர் என்றால் பெற்றோரிடம். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அந்த வெள்ளை எழுத்துகள்தான் முதலில் மங்கும்.